சல்கந்தாய் பனிமலைக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்கு விடாத தலைவலி, என்ன செய்யலாம்?

நானும் அம்மாவும் (வயது 61) பெருவில், குஸ்கோவில் இருக்கிறோம். திங்கள் மதியம் லிமாவிலிருந்து விமானத்தில் வந்தோம். கடலோரத்திலிருந்து நேராக 3,400 மீட்டர். அன்றிரவு அம்மாவுக்குப் பிடித்த தலைவலி, வியாழன் ஆகியும் விடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். இருமல், தள்ளாட்டம் இல்லை.

சனிக்கிழமை வழிகாட்டியுடன் சல்கந்தாய் நடைப்பயணம், இரவுகளில் லாட்ஜ்களில் (மலை விடுதிகளில்) தங்கல். மெத்தை, வெந்நீர், மூட்டை சுமக்கக் கோவேறு கழுதை எல்லாம் உண்டு. ஆனால் முதல் இரண்டு இரவும் சொராய்பம்பாவில், சுமார் 3,900 மீட்டரில். அப்புறம் 4,600 மீட்டரைத் தாண்டும் கணவாய்.

கோக்கா இலைத் தேநீர், நிறையத் தண்ணீர், பாராசிட்டமால் எல்லாம் பார்த்தாயிற்று. விடுதியில் ஆக்சிஜன் வைத்தால் கொஞ்ச நேரம் தேவலை, எடுத்ததும் பழையபடி. மருத்துவர் உயரத்தால் வரும் உபாதைக்கான அசெட்டசோலமைடு மாத்திரை 125 மி.கி. இரு வேளை கொடுத்திருக்கிறார், நேற்றுதான் தொடங்கினோம். தேதியை மாற்ற முடியாது என்று பயண நிறுவனம் கைவிரித்துவிட்டது.

அந்தப் பனிமலையைப் பக்கத்தில் பார்ப்பது அம்மாவின் பல வருட ஆசை. அதற்காக அவர் உடம்பைப் பணயம் வைக்க மாட்டேன்.

இன்றே உருபம்பாவுக்கு (சுமார் 2,870 மீட்டர்) இறங்கி இரண்டு இரவு தங்கினால், சனிக்கிழமை அவரைச் சொராய்பம்பாவுக்கு அழைத்துப்போகலாமா?