மூன்றாம் தலைமுறைக் கணினியில் கிராபிக்ஸ் கார்ட்: பழுதா, மாற்றத்தான் வேண்டுமா?

திருக்கடலூரான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை திருக்கடலூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு வீட்டு வரைபடங்கள் வரைந்து கொடுப்பது என் தொழில். அதற்கு நான் பாவிப்பது, வெளிநாட்டு அலுவலகங்களில் கழிக்கப்பட்டுப் பாவித்த பொருளாக இங்கு வந்திறங்கும் சிறிய பெட்டிக் கணினிகளுள் ஒன்று. இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5-3470 புரொசசர், 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், 240 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 10 என்பன அதன் விவரங்கள். அதில் 2 ஜிபி ஜிடி 730 கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பொருத்தி, ஆட்டோகேட்டில் தளப்படமும் ஸ்கெட்ச்அப்பில் முப்பரிமாணத் தோற்றமும் செய்து வருகிறேன். மொனிட்டரில் விஜிஏ என்னும் பழைய அனலொக் இணைப்பு மட்டுமே உண்டு.

வாடைக்காற்று தொடங்கிய பிறகு இரண்டு தொல்லைகள் சேர்ந்து வந்துள்ளன. காலையில் முதன்முறை இயக்கும்போது விசிறிகள் சுற்றுகின்றன, முன்பக்க விளக்கும் எரிகிறது, ஆனால் திரையில் எதுவும் வருவதில்லை. நிறுத்தி நிறுத்தி இயக்கினால் ஏதோவொரு தடவையில் படம் வந்துவிடுகிறது. அதன் பின் மாலை வரை அந்தச் சிக்கல் இல்லை. மற்றது, ஸ்கெட்ச்அப்பில் பெரிய மாதிரியொன்றைச் சுழற்றும்போது திரை சில கணங்கள் உறைந்து, கறுத்து, மீண்டும் வருகிறது. டிஸ்ப்ளே டிரைவர் (விண்டோஸையும் கார்டையும் இணைக்கும் மென்பொருள்) பதிலளிக்காமல் நின்று மீண்டது என்று ஓர் அறிவிப்பும் தோன்றுகிறது. ஒரு கடையில் காட்டினேன். கார்டின் கதை முடிந்துவிட்டது, ஜிடிஎக்ஸ் 1650 போடுங்கள் என்றார்கள். காசைக் கொடுப்பதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்பது நல்லதென்று எண்ணுகிறேன். கார்ட் உண்மையிலேயே பழுதா? பழுதென்றால், இந்தப் பெட்டிக்கு எது பொருந்தும்?

உவர்மலை வாசி:

தம்பி, இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது தொல்லை விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, பயோஸ் (கணினியை முதலில் தொடக்கும் மதர்போர்ட் மென்பொருள்) எழுத்துகள்கூட வராத கட்டத்தில் நிகழ்கிறது. ஆகவே டிரைவருக்கு அதில் பங்கில்லை. ஈரமேறிய காலை வேளையில் மட்டும் வந்து, பெட்டி சூடான பிறகு மறைந்துவிடும் பழுது பெரும்பாலும் தொடுகைப் பழுதாகவே இருக்கும். கார்டின் பொன்முலாம் பூசிய விளிம்பிலோ, ரேமின் விளிம்பிலோ தேடுங்கள். அங்கில்லையென்றால் பவர் சப்ளையில் மின்னைச் சீராக்கும், களைத்துப்போன கப்பாசிட்டர்களைச் சந்தேகிக்கலாம். இரண்டாவது தொல்லை கார்ட் உழைக்கும்போது மட்டும் வருகிறது. அதற்கு வெப்பம், மின்சாரம், டிரைவர் ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் புரொசசருக்குள் எச்டி 2500 என்னும் கிராபிக்ஸ் ஏற்கெனவே உள்ளது. மின்வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்னை வெளியேற்றிய பின் கார்டை எடுத்துவிட்டு, விஜிஏ வயரை மதர்போர்டிலுள்ள இணைப்பில் கொடுங்கள். கார்டைக் கழற்றாமல் வயரை மட்டும் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. ஸ்லொட்டில் கார்ட் இருக்கும்போது இவ்வகைக் கணினிகள் பல மதர்போர்ட் இணைப்பைத் தாமாகவே முடக்கிவிடும். அப்படியே சில காலைகள் இயக்கிப் பாருங்கள். கார்ட் இல்லாமலும் படம் வரத் தவறினால் குற்றம் கார்டில் இல்லை. ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பற்றரி 3 வோல்ட் அளவுக்குக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது தேய்ந்தால் பயோஸ் அமைப்புகள் அழிந்து, எந்த இணைப்பில் படம் காட்டுவது என்பதும் மாறிவிடக்கூடும்.

திருக்கடலூர், டைக் வீதிப் பக்கத்திலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் பின்தகட்டில் துரு இருப்பது எனக்குப் பழகிய காட்சி. கடற்காற்றில் வரும் உப்புத்துகள் ஈரத்தை இழுத்து உலோகத்தின் மேல் படலமாகப் பிடித்துக்கொள்ளும். அதை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பொருத்துங்கள். பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்ப்பது இங்கு பலரின் வழக்கம்; அது பொன்முலாமைத் தேய்ப்பதோடு ஸ்லொட்டுக்குள் துகளையும் விட்டுச் செல்கிறது என்பதால் நான் செய்வதில்லை.

உறைந்து மீளும் தொல்லைக்கு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து 4101 என்னும் எண் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். கார்ட் 2 நொடிகளுக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீளத் தொடக்குகிறது. அந்த எண் அதைத்தான் குறிக்கும். விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியைக் கூட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் அறிவிப்பு நிற்கலாம், பழுது நிற்காது.

திருக்கடலூரான்:

மிக்க நன்றி ஐயா. கார்டைக் கழற்றிய பின் எந்தக் காலையிலும் படம் வரத் தவறவில்லை. கார்டின் பின்தகடு துருப்பிடித்திருந்தது. விளிம்பின் ஒரு மூலையில் பச்சை நிறக் கறை படிந்திருந்தது. நீங்கள் கூறியவாறு துடைத்து மீண்டும் பொருத்தியதும் காலைத் தொல்லை நின்றுவிட்டது.

ஆனால் உறைவது தொடர்கிறது, 4101 பதிவும் இருக்கிறது. ஜிபியு-இசட் என்னும் மென்பொருளில் பார்த்தால், மாதிரியைச் சுழற்றத் தொடங்கிச் சிறிது நேரத்தில் வெப்பநிலை 90 பாகையைத் தாண்டுகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது கார்டின் சிறிய விசிறி அசையாமல் நின்றது; விரலால் தட்டிவிட்டால்தான் சுற்றுகிறது. அதே மென்பொருள் சிப்பை ஜிகே208 என்றும், நினைவகத்தை 64 பிட் டிடிஆர்3 என்றும் காட்டுகிறது.

உவர்மலை வாசி:

அப்படியானால் காரணம் அகப்பட்டுவிட்டது. விசிறியின் அச்சு இறுகிவிட்டது. அதனால் சிப் கொதிக்கிறது, டிரைவர் நிற்கிறது. அதே அளவு விசிறி கிடைத்தால் மாற்றி, சிப்பின் வெப்பத்தைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டையும் புதிதாகப் பூசுங்கள். திருகுகளைக் குறுக்கு மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் சிப்பின் விளிம்பு உடையக்கூடும்.

எனினும் அந்தக் கார்டுக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் 2014 இலிருந்து வெவ்வேறு சிப்கள் விற்கப்பட்டன. உங்களுடையது என்விடியாவின் கெப்ளர் என்னும் பழைய தலைமுறைச் சிப்; அதற்கான டிரைவர் 470 வரிசையுடன் நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 இல் முடிந்தன. மேலும் அதன் 64 பிட் டிடிஆர்3 நினைவகம் நொடிக்கு ஏறத்தாழ 14.4 ஜிகாபைட் தரவையே கடத்தும். உங்கள் மதர்போர்டில் ஒரே வகை ரேம் இரண்டைச் சோடியாகப் போட்டால் 25.6 ஜிகாபைட் வரை கிடைக்கும். புரொசசரும் அதைப் பங்குபோடும் என்பது உண்மை. ஆயினும் அந்தக் கார்ட் எவ்வளவு ஒடுங்கிய வழியில் வேலை செய்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

கிண்ணியா நண்பன்:

சகோதரர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். பழைய கணினிக்குக் கார்ட் தேடும்போது எது வேகமானது என்று தொடங்கினால் வழி தவறும். பவர் சப்ளை எவ்வளவு தாங்கும், பெட்டிக்குள் எவ்வளவு இடம் உண்டு என்பவைதான் விடையைத் தீர்மானிக்கின்றன.

கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரலாம் என்பது பொது விதி. சிறிய பெட்டிகள் சிலவற்றில் தயாரிப்பாளர்கள் அதைவிடக் குறைவாகவே வரையறுத்திருப்பார்கள் என்பதால், உங்கள் மொடலின் சேவைக் கையேட்டை ஒருமுறை பார்ப்பது அவசியம். உங்கள் புரொசசர் 77 வாட் வகை. மதர்போர்ட், டிஸ்க், விசிறிகள் ஆகியவற்றுக்கு இன்னொரு 40 வாட் என வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் உழைத்த 240 வாட் பவர் சப்ளையின் மீது 30 முதல் 40 வாட் கார்ட் வைப்பது நிம்மதி. கடைக்காரர் சொன்ன ஜிடிஎக்ஸ் 1650 உழைக்கும்போது 75 வாட் எடுக்கும்; அதன் பல தயாரிப்புகளுக்கு 6 முள் மின் இணைப்பும் வேண்டும். உங்கள் பெட்டியில் அந்த இணைப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டிஸ்க்குக்கு மின் தரும் சாட்டா வயரிலிருந்து 6 முள்ளுக்கு மாற்றும் அடப்டரைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முள்கள் 4.5 அம்பியர், அதாவது 54 வாட் வரைதான் தாங்கும். 6 முள் இணைப்போ 75 வாட்டுக்கு உரியது. அந்த இணைப்பு உருகிக் கருகியதைக் கண்டவர்கள் பலர்.

ஜிடி 1030 வாங்க எண்ணினால் அதன் அட்டைப்பெட்டியில் எழுதியுள்ள நினைவக வகையைக் கவனியுங்கள். 2017 இல் வந்த ஜிடிடிஆர்5 கார்டின் நினைவகம் நொடிக்கு 48 ஜிகாபைட் கடத்தும். அடுத்த வருடம் அதே பெயரிலேயே வந்த டிடிஆர்4 கார்ட் 16.8 ஜிகாபைட் மட்டுமே. பெயரை ஒன்றாக வைத்துக்கொண்டு இப்படி விற்றதை நான் நேர்மையான வியாபாரமாகக் கருதவில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஸ்லொட்டின் நான்கு தரவுத் தடங்களில் மட்டும் பேசும் கார்ட். நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. உங்கள் மதர்போர்டில் அதன் வேகம் குறையும். இன்டெல் ஆர்க் கார்டுகள் நன்றாக ஓட, கார்டின் நினைவகம் முழுவதையும் புரொசசர் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் என்னும் வசதி வேண்டும்; அது இவ்வளவு பழைய மதர்போர்டுகளில் கிடையாது.

என் தெரிவு என்விடியா டி400. வரைபட வேலைக்கென்றே 2021 இல் வந்தது, 30 வாட், சிறிய பெட்டிக்கேற்ற பாதியுயரம், தனி மின் இணைப்பு தேவையில்லை, நினைவகம் நொடிக்கு 80 ஜிகாபைட். குவாட்ரோ பி620 உம் 40 வாட்டில் நல்ல கார்ட்தான். ஆனால் அது பாஸ்கல் என்னும் முந்தைய சிப் தலைமுறை. மாக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறை ஜிபோர்ஸ் கார்டுகளுக்கான வழமையான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்திவிட்டது. இன்று காசு கொடுப்பவர் அடுத்த தலைமுறைக்குப் போவதே முறை.

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ இணையத்திலோ பாவித்த கார்ட் வாங்கினால், ஜிபியு-இசட்டில் பார்த்த பின்பே காசைக் கொடுங்கள். பழைய ஜிடிஎஸ் 450 போன்ற சிப்பின் பயோஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கும் போலிகள் உலகெங்கும் உலவுகின்றன. அவற்றை அந்த மென்பொருள் போலி என்றே காட்டிக்கொடுக்கும். உங்களைப் போல் விஜிஏ மொனிட்டர் வைத்திருப்பவர்கள்தான் எளிதாக ஏமாறுவார்கள். பாஸ்கல் சிப்களில் அனலொக் வெளியீடே இல்லை. ஆகவே 1050 டிஐ என்ற பெயருடன் விஜிஏ இணைப்பும் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

பாலையூற்று பார்வையாளன்:

கார்டைப் பற்றி மேலே சொன்ன அனைத்தும் சரி. ஆயினும் நான் சற்று மாறுபடுகிறேன். ஆட்டோகேட்டில் இருபரிமாணத் தளப்படம் வரைவதற்குக் கார்டின் வலிமை பெரிதாக உதவாது. அங்கு புரொசசரின் ஒரு கோர் (கணிக்கும் உட்பகுதி) தனியாக இயங்கும் வேகமும் டிஸ்க்கின் வேகமும்தான் காத்திருப்பைத் தீர்மானிக்கின்றன. இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸை ஓட்டுபவர் புதிய கார்ட் வாங்குவது, ஓட்டை வள்ளத்துக்குப் புது எஞ்சின் பூட்டுவதற்கு ஒப்பானது. முதலில் எஸ்எஸ்டி என்னும் வேகமான டிஸ்க்கைப் போடுங்கள், ரேமை 16 ஜிபி ஆக்குங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இற்கு அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெல் புரொசசராவது வேண்டும். இந்தக் கணினியில் டிடிஆர்3 ரேம் இருப்பதால் அதை அடுத்த கணினிக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே ரேமைப் பாவித்ததாகவே மலிவாக வாங்குங்கள். எஸ்எஸ்டியும் டி400 உம் மட்டுமே நாளை இன்னொரு பெட்டிக்குள் போகக்கூடியவை. பணத்தை அவற்றில் போடலாம்.

திருக்கடலூரான்:

அனைவருக்கும் நன்றி. எஸ்எஸ்டியை இந்த வாரமே போடப்போகிறேன். அதுவரை ஜிடி 730 ஐக் கழற்றி வைத்துவிட்டு மதர்போர்ட் இணைப்பிலேயே தளப்படங்களைச் செய்வேன். ஸ்கெட்ச்அப் வேலை மட்டும் சுணங்கும். டி400 வாங்குவதாகவே முடிவு. அதில் மினி டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருப்பதால் என் விஜிஏ மொனிட்டருக்கு என்ன செய்வது? பொருத்தும்போது வேறு எதையேனும் கவனிக்க வேண்டுமா?

உவர்மலை வாசி:

மினி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து விஜிஏக்கு மாற்றும் அடப்டர் ஒன்று வாங்குங்கள். அதற்குள் டிஜிட்டலை அனலொக்காக மாற்றும் சிப் இருக்கும். முள்ளை முள்ளோடு இணைக்கும் வெறும் வயர் வேலை செய்யாது. கார்டுடன் பாதியுயரப் பின்தகடு வருகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். முழு உயரத் தகடு மட்டும் வந்தால் உங்கள் பெட்டி மூடாது.

கார்டைப் பொருத்துவதற்கு முன்பே, மதர்போர்ட் இணைப்பில் படம் வரும் நிலையில், பயோஸைத் தயாரிப்பாளரின் கடைசி வெளியீட்டுக்கு உயர்த்திவிடுங்கள். பழைய பயோஸ் சில புதிய கார்டுகளைக் கண்டுகொள்வதில்லை, அந்நேரம் திரை இருண்டால் உயர்த்தவும் வழியிருக்காது. மின்வெட்டு வரக்கூடிய நேரத்தில் அதைச் செய்ய வேண்டாம். யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்யுங்கள். அடுத்து டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்னும் மென்பொருளைச் சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படை வசதிகளுடன் மட்டும் இயங்கும் நிலையில்) ஓட்டி 470 வரிசை டிரைவரை முற்றாக நீக்கிவிட்டு, அதன் பின் டி400 ஐப் பொருத்திப் புதிய டிரைவரை நிறுவுங்கள். பின்தகட்டின் திருகை மறக்காமல் பூட்டுங்கள். கனத்த அடப்டர் தொங்கும்போது கார்ட் சரிந்தால் காலைத் தொல்லை திரும்பிவிடும்.