தோட்டக் குழு: முதியோர் இல்லத்துக்குச் சாப்பிடக்கூடிய பூக்கள்

செல்வம்: நாளைக்கு இல்லத்துத் தோட்டத்துக்குச் செடி எடுக்கப் போறேன். வேலியோரம் அரளி வெச்சிடட்டுமா? தண்ணியே கேக்காது.

ரேவதி அக்கா: அய்யோ, அரளியா! பூ, இலை, தண்டு எல்லாமே விஷம் தம்பி. நேரா இதயத்துடிப்புல கை வைக்கும்.

செல்வம்: "தொடாதீர்கள்"னு பலகை வெச்சிடலாமே அக்கா.

ரேவதி அக்கா: யார் படிப்பா? மறதி நோய்க்காரங்களுக்குக் கையில கிடைச்சது வாய்க்குப் போகும். இந்தப் பூவைத் தின்னலாம்னு நாமளே பழக்கிட்டு, பக்கத்துப் பூவைத் தொடாதேன்னா எப்படி? ஊமத்தை, செங்காந்தள், நித்தியகல்யாணி எதுவும் உள்ள வரக்கூடாது.

கார்த்திக்: நித்தியகல்யாணி வாசல்லயே வரிசையா நிக்குது 😬

ரேவதி அக்கா: இன்னைக்கே எடுத்துடு.

விஜி: முதல்ல நாஸ்டர்ஷியம்னு ஒரு சாப்பிடற பூச்செடி போடலாம். விதை பட்டாணி அளவு, கை நடுங்கறவங்களும் எடுத்து ஊனிடலாம். ராத்திரி ஊறப் போட்டா சீக்கிரம் முளைக்கும். செல்வம் அண்ணா, அதுக்கு மட்டும் உரம் போட்டுடாதீங்க. இலைதான் கொழுக்கும், பூ வராது.

செல்வம்: நர்சரியில பூத்த செடியாவே எடுத்துட்டா வேலை மிச்சமாச்சேம்மா?

விஜி: அழகுச்செடிக்குப் போடற பூச்சிமருந்து பல சமயம் செடிக்குள்ளயே ஏறியிருக்கும் அண்ணா, கழுவினா போகாது. பூக்கடைப் பூவும் அப்படித்தான். விதையிலேர்ந்து நாமளே வளர்க்கறதுதான் சரி. கலெண்டுலான்னு இன்னொரு சாப்பிடற பூ, அதுக்கு விதை வாங்கறப்போ பொட்டலத்துல தாவரவியல் பேரையும் பாத்துக்கோங்க: கலெண்டுலா அஃபிசினாலிஸ். வெறும் "மேரிகோல்ட்"னா வேற செடியா இருக்கலாம்.

பத்மா: எங்க மாமியாருக்கு நினைவெல்லாம் கணக்கா இருக்கு, விழுங்கறதுதான் சிரமம். அவங்களும் சாப்பிடலாமா அக்கா?

ரேவதி அக்கா: வேண்டாம் பத்மா. இதழ் மெல்லிசு, ஈரம் பட்டா அண்ணத்துல அப்பிக்கும். விழுங்கவும் வராது, துப்பவும் வராது. பறிக்கட்டும், மோந்து பாக்கட்டும், அதுலயே பாதி சிகிச்சை இருக்கு. மத்தவங்களுக்கும் நடுவுல இருக்கற மகரந்தத்தைக் கிள்ளிட்டு இதழ் மட்டும், முதல் தடவை ஒண்ணே ஒண்ணு. சாமந்தி அலர்ஜி இருக்கறவங்களுக்குக் கலெண்டுலா கூடாது, ரெண்டும் ஒரே குடும்பம். பிரஷர் மாத்திரைக்காரங்க செம்பருத்தி டீ குடிக்கறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேக்கணும். அந்த டீயே பிரஷரை இறக்கும்.

கார்த்திக்: எப்போ பறிக்கணும்?

விஜி: காலையில, பனி காய்ஞ்சதும். தண்ணியில முக்கி எடுத்து, பூச்சி இருக்கான்னு பாத்துட்டு அன்னைக்கே பரிமாறிடணும்.

செல்வம்: எல்லாம் சரி, வேலிக்கு என்னதான் வெக்கறது?

விஜி: சங்குப்பூ ஏத்தி விடுங்க அண்ணா. பூ பரவாயில்லை, விதை வயித்தைக் கெடுக்கும். அதனால காய் பிடிக்கப் பிடிக்கக் கிள்ளிடணும்.

பத்மா: கிள்ளற வேலையை எங்க மாமியார்கிட்ட குடுங்க. ஒரு காய் தப்பாது 😄