பிராக்டிஸ் ரெடி ஒன்ராறியோவா, ரெசிடென்சியா? அக்காவுக்கு எது சரி?

தம்பி_ஸ்காபரோ:
அக்கா யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்து, வன்னியில் ஒரு வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்தவர். போன வருடம்தான் குடும்பத்தோடு கனடா வந்தார், நிரந்தர வதிவிடம் இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவர்கள் இங்கே எழுத வேண்டிய பரீட்சைகளில் எம்சிசி (கனடா மருத்துவச் சபை) முதல் பகுதி பாஸ், நாக் எனும் செய்முறைப் பரீட்சையும் முடித்துவிட்டார். இப்போது ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்து ஹெல்த் கார்ட் வாங்கிப் பதிகிறார். பார்க்க மனம் பொறுக்கவில்லை. பயிற்சி இடங்களைப் பங்கிடும் கார்ம்ஸ் மூலம் ரெசிடென்சிக்கு (மருத்துவர் பயிற்சிக்கு) போடுவதா, வெளிநாட்டில் வேலை செய்த மருத்துவர்களுக்கான பிராக்டிஸ் ரெடி ஒன்ராறியோ திட்டத்தில் மாகாணத்தின் வடக்குப் பக்கம் போவதா என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. அத்தானுக்கு இங்கேதான் வேலை, பிள்ளைகளுக்கும் இங்கேதான் பள்ளிக்கூடம்.

வடக்கு_டொக்டர்:
தம்பி, நானும் வெளிநாட்டில் படித்து வந்தவன்தான், இப்போது தண்டர் பேக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் குடும்ப மருத்துவர். கார்ம்ஸ் என்றால் குடும்ப மருத்துவத்துக்கே இரண்டு வருடப் பயிற்சி, அதன் பிறகு ஐந்து வருட சேவை ஒப்பந்தம். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு இருக்கிற இடங்களோ குறைவு, நல்ல புள்ளி எடுத்தவர்களே வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2023இல் வந்த பிராக்டிஸ் ரெடியில் ரெசிடென்சியைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. நீங்கள் நோயாளிகளைப் பார்ப்பதை இங்குள்ள மருத்துவர் ஒருவர் 12 வாரம் கூட இருந்து மதிப்பிடுவார், தேறினால் கிராமப்புறத்திலோ வடக்கிலோ மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். ஆனால் குடும்ப மருத்துவத்தில் தனித்து வேலை செய்த அனுபவம் வேண்டும், அதுவும் அண்மைக் காலத்தில். வரவேற்பு மேசை அதில் சேராது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

வேலையும் ஸ்காபரோ கிளினிக் மாதிரி இராது. காலையில் கிளினிக், அப்புறம் வார்டு, முதியோர் இல்லம், இரவில் அவசரப் பிரிவு, எல்லாவற்றுக்கும் அதே ஆள்தான். கடுமையான வருத்தக்காரர் வந்தால் ஓர்ஞ் எனும் அம்புலன்ஸ் விமானம் வரும்வரை நீங்கள்தான் தாக்குப்பிடிக்க வைக்க வேண்டும், பனிப்புயல் என்றால் விமானமும் வராது. வன்னியில் வேலை செய்தவருக்கு இது அவ்வளவு புதிதாக இராது என்றுதான் நினைக்கிறேன்.

ஏரிக்கரை:
நோயாளிகள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜூனில் எங்கள் பக்கத்துச் சின்ன ஊரான மின்டனின் அவசரப் பிரிவை ஆளில்லை என்று நிரந்தரமாக மூடினார்கள், இப்போது நெஞ்சுவலி என்றால் அடுத்த ஊரான ஹலிபேர்ட்டனுக்கு ஓட வேண்டும். எனக்கு வெளிநாட்டு மருத்துவர் என்பதில் துளி தயக்கமும் இல்லை. ஒருவர் வந்து, எங்கள் வரலாறு முழுக்கத் தெரிந்துகொண்டு, ஒப்பந்தம் முடிந்த அன்றே ரொறன்ரோவுக்குப் போய்விட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, அதுதான் வலி. இதில் மருத்துவரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன், துணைக்கு வேலையும் இருக்க வீடும் பார்த்துக்கொடுக்காத ஊரில் யார் நிற்பார்கள்?

மாலினி_க:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். விண்ணப்பத்தில் ஊரைத் தெரிவு செய்ய முதல், அத்தானையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெப்ரவரியில் ஒருக்கால் போய்ப் பாருங்கள், கோடையில் எல்லா ஊரும் வடிவுதான். என் கணவர் வடக்கில் வேலை செய்தபோது நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம், அது சரிவரவில்லை, கடைசியில் எல்லோருமாய் அங்கே போன பிறகுதான் வீடு வீடாக இருந்தது.

இன்னொன்று, அனுபவக் கடிதம். 'மருத்துவ உத்தியோகத்தராகக் கடமையாற்றினார்' என்று ஒரு வரியில் வாங்கினால் போதாது. நீரிழிவு, பிரஷர் கிளினிக், கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள் என்று அக்கா எதையெல்லாம் தனியாகப் பார்த்தார், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் விரிவாகக் கேளுங்கள். வெளிநோயாளர் பிரிவு வேலையைக் குடும்ப மருத்துவமாக ஏற்பார்களா என்பது அந்த விவரத்தில்தான் தங்கியிருக்கும்.

தம்பி_ஸ்காபரோ:
எல்லோருக்கும் நன்றி. அக்கா வாசித்துவிட்டார், கிளிநொச்சியில் இருக்கும் மாமாவைக் கடிதத்துக்கு அனுப்புகிறோம். வடக்கு_டொக்டர் அண்ணா, உங்கள் ஊரில் அத்தான் மாதிரி ஒரு எலக்ட்ரீஷியனுக்கு வேலை இருக்குமா?

வடக்கு_டொக்டர்:
சுரங்கப் பக்கம் விசாரித்துவிட்டு எழுதுகிறேன். அவருடைய லைசென்ஸ் ஒன்ராறியோவுடையதுதானே?