புதுப்பிப்பு: தம்பி இப்போது நடக்கிறான்

மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுக்கும் என் தம்பியை எப்படி நடக்க வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் அன்போடு யோசனை சொன்னீர்கள். அதன் தொடர்ச்சி இது.

கைக்கடிகாரத்தில் காலடிகளை எண்ணும் யோசனை அவனுக்குப் பொருந்தவில்லை. எண்ணைப் பார்த்தாலே பதற்றமானான். "கூடவே ஒருவர் நடக்கட்டும்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார், அதுதான் பலித்தது. மாலையில் இருவரும் சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஆற்றோரமாக நடக்கிறோம். பேசியே ஆகவேண்டும் என்றில்லை. நீர்நாய் தென்பட்டால் அவனாகவே நின்று பார்ப்பான்.

காலை நடையை விட்டுவிட்டோம். இரவில் போடும் ஓலான்சபைன் என்ற மனச்சிதைவு மருந்தின் அசதி விடிந்த பிறகும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் சோம்பல் என்று யாரும் திட்டாதீர்கள். அதே மருந்து பசியையும் எடையையும் கூட்டும், சர்க்கரை நோய்க்கும் வழிவிடும். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரும்பாலும் இதயநோய் போன்ற உடல்நோய்களால். அதனால்தான் அவன் மறுத்தாலும் மறுநாள் திரும்பக் கூப்பிடுகிறேன்.

நம் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: சில மனநோய் மருந்துகள் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். லித்தியம் என்ற மனநிலை மருந்தை எடுப்பவருக்கு வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறலாம். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம்.

எடை குறையவில்லை, தூக்கம் தேவலை. சரி, டிசம்பர் மழையில் நீங்கள் எங்கே நடக்கிறீர்கள்? கடைத்தொகுதிக் கூட்டம் அவனுக்கு ஒத்துவராது.