ஏர் பிஸ்டலில் ஸ்கோர் ஒரே இடத்தில் நிற்கிறது: பயிற்சியை எப்படி மாற்றுவது?

நாகமலை வாசி

அனைவருக்கும் வணக்கம். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைஃபிளில் குப்புறப் படுத்துச் சுட்டதுதான் என் தொடக்கம். அந்த ஆர்வத்தில், படிப்பு முடிந்தபின் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு வந்தேன். வேலை காரணமாகச் சனி, ஞாயிறுகளில் மட்டுமே மதுரை நகருக்குள் இருக்கும் பயிற்சிக்கூடத்துக்குச் செல்ல முடிகிறது. சென்றால் நூறு பெல்லட்டுக்கு, அதாவது சிறு ஈயக் குண்டுக்கு, குறையாமல் சுடுகிறேன். ஆனாலும் ஷாட்டுக்கு அதிகபட்சம் 10 வீதம் 60 ஷாட்டில் 600 என்ற கணக்கில் என் ஸ்கோர் நெடுநாளாக 540-ஐச் சுற்றியே நிற்கிறது.

வலக்கைக்காரனான எனக்குப் பெரும்பாலான தவறுகள் இடப்பக்கம் கீழே விழுகின்றன. அப்படி விழும்போதெல்லாம் சைட்டை, அதாவது பிஸ்டலின் மேலுள்ள குறிபார்க்கும் அமைப்பை, திருகிச் சரிசெய்கிறேன். சற்று நேரத்தில் குண்டுகள் வேறு பக்கம் போகின்றன. போட்டிக்குச் சென்றாலோ பயிற்சியில் வரும் ஸ்கோர்கூட வருவதில்லை. இன்னும் அதிகமாகச் சுடுவதுதான் வழியா, அல்லது பயிற்சி முறையையே மாற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

வைகைக்கரை

தம்பி, முதலில் அந்தத் திருகாணியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். குண்டுகள் எங்கே விழுந்தாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுந்தால்தான் சைட்டை நகர்த்துவதில் பொருள் உண்டு. என்.சி.சி.யில் உங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்த குரூப்பிங்கின் நோக்கமே அதுதான்; பிஸ்டலுக்கும் அதே விதிதான். சிதறி விழும் குண்டுகளைத் துரத்திக்கொண்டு சைட்டைத் திருகினால், சரியாகச் சுட்ட ஷாட்டும் ஒன்பதுக்குப் போய்விடும், எது உங்கள் பிழை, எது சைட்டின் பிழை என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போகும்.

அடுத்து, கண் எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். டார்கெட்டின் கருவட்டத்தைத் தெளிவாகப் பார்க்க முயல்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 33 செ.மீ. இருக்கும் பிஸ்டலில், முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு சுமார் 3 செ.மீ. விலகிப் போகும். ஏர் பிஸ்டல் டார்கெட்டில் வளையத்துக்கு வளையம் 8 மி.மீ.தான் இடைவெளி, ஆகவே அந்த 1 மி.மீ. பிழை ஏறக்குறைய நான்கு வளையங்களைப் பறித்துவிடும். மாறாக, இரண்டு சைட்டுகளும் நேராக நிற்க, கை மட்டும் 5 மி.மீ. அசைந்தால் குண்டும் அதே அளவுதான் அசையும், அது பெரும்பாலும் பத்திலேயே விழும். எனவே முன் சைட் கூர்மையாகவும் கருவட்டம் மங்கலாகவும் தெரிய வேண்டும். குறியைக் கருவட்டத்தின் நடுவில் வைக்காமல், அதற்குக் கீழே வெள்ளைப் பகுதியில் வைத்துப் பழகுங்கள். அங்கேதான் முன் சைட்டின் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

இடப்பக்கம் கீழே விழுவது பெரும்பாலும் டிரிகர் கதை. கை அசைவது எல்லோருக்கும் உண்டு, உலக வீரர்களுக்கும் உண்டு. அசையும் சைட் சரியான இடத்தைக் கடக்கும் நொடியில் "இப்போது" என்று விரல் பாயும்போதுதான் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகி, குழல் வாய் கீழே இழுபடுகிறது. விதிப்படி ஏர் பிஸ்டலின் டிரிகர் எடை (அதை இழுக்கத் தேவைப்படும் விசை) 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதால், அந்த எடையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போவதற்கு விரலுக்கு நிதானம் வேண்டும். பிஸ்டல் குறிப்பகுதிக்கு இறங்கும்போதே முதல் கட்ட அழுத்தத்தைக் கொடுத்துவிடுங்கள். பிறகு அசைவை ஏற்றுக்கொண்டு, அழுத்தத்தை நிறுத்தாமல் கூட்டுங்கள். ஷாட் போனபின்பும் ஓரிரு நொடிகள் அதே நிலையில் முன் சைட்டையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். குண்டு கிளம்பிய கணத்தில் சைட் எங்கே இருந்தது என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

இவை அனைத்தையும் கற்பதற்குப் பெல்லட் தேவையில்லை. வெற்று வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயரிங், அதாவது குண்டில்லாமல் டிரிகரை மட்டும் இயக்கும் பயிற்சி, செய்யுங்கள். சுவரில் குறியே இல்லாததால் கண் சைட்டை விட்டு ஓட இடமிருக்காது; டிரிகர் விழும்போது முன் சைட் துள்ளுகிறதா என்பது அப்பட்டமாகத் தெரியும். வார நாள்களில் தினமும் இருபது நிமிடம் இதைச் செய்தால், வார இறுதியில் நூறு குண்டு சுடுவதைவிட மிகுந்த பயன் கிடைக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

ஒத்தக்கடை அக்கா

ஐயா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் தம்பியின் கடைசிக் கேள்விக்கு, அதாவது போட்டியில் ஸ்கோர் இறங்குவதற்கு, டிரை ஃபயரிங் மட்டும் விடையாகாது. போட்டியில் முன்னேற்பாட்டுக்கும் சைட் சரிபார்ப்புக்கும் 15 நிமிடமும், எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் 60 ஷாட்டுக்கு 75 நிமிடமும் தருகிறார்கள். மாதத்தில் சில முறையாவது பயிற்சியை அதே நேரக்கட்டுப்பாட்டோடு, இடையில் யாரிடமும் பேசாமல், முழுமையாகச் சுட்டு முடியுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி நேரம் போனது, இறுதிச் சுற்று கைநழுவியது. அவரே 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். நேரம் குறைந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழகி வைக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஷாட்டைக் கைவிடப் பழகுவது இன்னும் முக்கியம். கையைக் குறியில் நிறுத்தி ஏழெட்டு நொடிகளில் ஷாட் போகவில்லை என்றால், கண்ணும் மூச்சும் தளரத் தொடங்கிவிடும். அதன்பின் வம்படியாகச் சுடாமல் கையை இறக்கிவிட்டு, மூச்சு சீரானபின் புதிதாகத் தொடங்க வேண்டும். பயிற்சியில் பெல்லட்டுகளை விறுவிறுவென்று தீர்ப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் வரவே வராது. இது என் அழுத்தமான கருத்து.

நிற்கும் நிலையையும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். கண்ணை மூடிக் கையைத் தூக்கி, திறந்து பாருங்கள். பிஸ்டல் டார்கெட்டுக்குப் பக்கவாட்டில் நின்றால், கையை இழுக்காமல் பின்னங்காலை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெக்கையில் தகரக் கூரையின் கீழ் நின்றால் பிடி வியர்வையில் வழுக்கும். ஆகவே கோடையில் காலையிலேயே பயிற்சியை முடித்துக்கொள்வதும், துண்டு ஒன்றை மேசையில் வைத்துக்கொள்வதும் நல்லது.

மேலூர் முன்னாள் படைவீரர்

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். பெல்லட் ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீயோ வடையோ தொடக் கூடாது. மற்றொன்று, ஸ்பிரிங் வகை ஏர் பிஸ்டலைப் பெல்லட் இல்லாமல் இயக்கினால் உள்ளே இருக்கும் பிஸ்டன் அடிபட்டுக் கெடும். அழுத்தப்பட்ட காற்றில் இயங்கும் போட்டிப் பிஸ்டல்களில் டிரை ஃபயரிங்குக்கென்றே தனி அமைப்பு இருக்கும். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், தம்பி.

நாகமலை வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. என்னுடையது அழுத்தக் காற்றுப் பிஸ்டல்தான். டிரை ஃபயரிங் அமைப்பு இருக்கிறது. வீட்டில் தங்கையின் சிறு குழந்தைகள் அடிக்கடி வந்து போவார்கள். வீட்டிலேயே பயிற்சி செய்வது சரியாக இருக்குமா, ஐயா?

வைகைக்கரை

குழந்தைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் வேண்டாம். மற்ற நாள்களில் அறையைத் தாழிட்டு, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, குழல் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்தபின் தொடங்குங்கள். அப்போதும் சன்னலையோ வாசலையோ நோக்கிப் பிடிக்கக் கூடாது. முடித்தவுடன், குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைக் குழலில் செருகி, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் எடுத்துச் செல்லும்போதும் மூடிய பெட்டியிலேயே இருக்கட்டும், வாங்கிய ரசீதின் நகலும் அதனுள் இருக்கட்டும். இரண்டு மாதம் இப்படிச் செய்தபின், சைட்டைத் தொடாமல் சுட்ட பத்துப் பத்து ஷாட் குரூப்பிங் தாள்களின் படங்களை இங்கே இடுங்கள். சைட்டை நகர்த்த வேண்டுமா என்று அப்போது பார்ப்போம்.