கரண்ட் வந்ததும் வெளி மொனிட்டரில் லொக்குக்கு முன்னால் கடிதம் தெரிகிறது

கேட்டவர்: முள்ளியவளைக் கொமினிகேசன்

வணக்கம். முள்ளியவளையில் சின்னக் கொமினிகேசன் ஒன்று வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்வேன். லப்டொப்போடு இன்னொரு மொனிட்டரை எச்டிஎம்ஐ வயரால் இணைத்து, வாங்கில் இருப்பவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். என் திரையில் இருப்பதுதான் அதிலும் தெரியும். கடிதம் எழுதிக்கொள்ள வரும் அம்மாமாருக்குப் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் பிரதேச செயலகத்துக்கு இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டிவரும். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி என்று ஏற்கெனவே போதிய அலைச்சல். அதனால் அவர்களே பார்த்துச் "சரி பிள்ளை" என்ற பிறகுதான் பிரின்ட் எடுப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை ஓர் அம்மா, காணாமல்போன மகனைப் பற்றிக் காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வந்தார். கடையில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார். பாதியில், பழைய கடிதம் ஒன்றை எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குப் போனார். நான் கன்ட்ரோல், ஆல்ட், எல் அழுத்தி லொக் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது. லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது, மொனிட்டர் அணைந்துவிட்டது. கரண்ட் திரும்பியபோது நான் கதவடியில் நிற்கிறேன். மொனிட்டர் எரிந்ததும் இரண்டு மூன்று செக்கனுக்கு அந்தக் கடிதம் முழுதாகத் தெரிந்தது. பிறகுதான் லொக் திரை வந்தது. வாங்கில் இருவர் இருந்தார்கள். ஒருவர் அந்த அம்மாவின் ஒழுங்கைக்காரர்.

அம்மா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "அழிச்சுவிடு பிள்ளை, பென் டிரைவிலையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லப்டொப்பில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. லொக் போட்ட பிறகும் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? இன்னொன்றையும் கவனித்தேன். மொனிட்டர் மாட்டியிருக்கும்போது லப்டொப் மூடியை மூடினாலும் லொக் விழவில்லை.

பதில் 1: குளக்கட்டு

அக்கா, உங்கள் பிழை எதுவும் இல்லை. அந்தப் பதிப்பு, சன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 என்ற பழைய முறையில் ஓடுகிறது. அது 1987இல் வந்தது. அதில் லொக் திரை என்பது மற்றச் சன்னல்களைப் போல இன்னொரு சன்னல்தான். எல்லாவற்றுக்கும் மேலே விரிந்து, கீபோர்டையும் மவுசையும் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். கரண்ட் போனபோது உங்கள் கணினி மொனிட்டரைக் கழற்றிவிட்டதாக எண்ணியிருக்கும். வந்தபோது புதிதாக மாட்டியதாக எண்ணித் திரையின் அளவை மாற்றியிருக்கும். லொக் சன்னல் புது அளவுக்கு மறுபடி வரையப்படும் வரைக்கும் அடியில் இருப்பது வெளியே தெரியும். பழைய லப்டொப் என்றால் அந்த இடைவெளி இன்னும் நீளும்.

மூடி விஷயம் வேறு. லினக்ஸில் மூடி, பவர் பட்டன் போன்றவற்றைக் கவனிக்கும் சிஸ்டம்டி லொகின்ட் என்ற பகுதி, ஒன்றுக்கு மேற்பட்ட திரை இருந்தால் மூடி மூடப்படுவதைக் கணக்கெடுக்காது. அதன் இயல்பான அமைப்பே அப்படித்தான், மூடிவிட்டு வெளி மொனிட்டரில் வேலை செய்பவர்களுக்காக. எனவே மூடியை நம்பவே வேண்டாம்.

லொக் விஷயத்துக்கு நிரந்தரத் தீர்வு, எக்ஸ்11க்குப் பதிலாக வந்த வேலண்ட் என்ற புது முறைக்கு மாறுவது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸில் வரும் க்னோம் டெஸ்க்டொப், இல்லாவிட்டால் கேடிஇ பிளாஸ்மா 6 டெஸ்க்டொப். அங்கே திரைகளை ஆளும் நிரலே லொக்கையும் தன் கையில் வைத்திருக்கும். புதுத் திரை வந்தாலும் லொக் நிலையில் மற்றச் சன்னல்களை அதில் காட்டாது.

பதில் 2: மல்லாவி

நான் விண்டோஸ்காரன், இருந்தாலும் சொல்கிறேன் தங்கச்சி. இரண்டு திரையிலும் ஒன்றையே காட்டுவதை முதலில் நிறுத்துங்கள். இரண்டும் தனித்தனித் திரையாக இருக்கும் விரித்த முறையில் (எக்ஸ்டென்ட்) போடுங்கள். லப்டொப்பில் தட்டச்சுச் செய்து, பார்க்கச் சொல்லும் நேரம் மட்டும் அந்தச் சன்னலை மற்ற மொனிட்டருக்கு இழுத்துவிடலாம். பிறகு திரும்ப எடுத்துவிடுங்கள். அப்போது லொக் பிந்தினாலும் வாங்கில் இருப்பவருக்குச் சுவர்ப்படம்தான் தெரியும்.

அடுத்தது, எழும்பும்போது மொனிட்டரின் பிளக் சுவிட்சை அணையுங்கள். வந்து, பாஸ்வேர்ட் போட்டு, கடிதத்தை மறைத்த பிறகு போடுங்கள். எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் மொனிட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்திருக்கிறேன்.

பதில் 3: நெடுங்கேணி

லொக் போடமுன் கன்ட்ரோல், ஆல்ட், டி அழுத்துங்கள். எல்லாச் சன்னலும் கீழே போய்விடும். ஒரு செக்கன் வேலை, இன்றே தொடங்கலாம். வாட்ஸப் வெப் திறந்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள். அறிவித்தலில் அனுப்பியவர் பெயரும் முதல் வரியும் அந்த மொனிட்டரில் வரக்கூடும்.

மறுமொழி: முள்ளியவளைக் கொமினிகேசன்

நன்றி, அண்ணைமார். நேற்றுக் கடை பூட்டிய பிறகு சோதித்தேன். லொக் போட்டு, மொனிட்டர் பிளக்கைப் பத்துத் தடவை கழற்றி மாட்டினேன். நான்கு தடவை உள்ளே இருந்தது தெரிந்தது. மருமகனின் லப்டொப்பில் உபுண்டு இருக்கிறது, அதிலும் அதே பத்துத் தடவை. ஒரு தடவைகூடத் தெரியவில்லை. மாத முடிவில் மாறப்போகிறேன். பாமினி எழுத்துரு அங்கேயும் வேலை செய்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன், செய்கிறது.

அதுவரைக்கும் விரித்த முறையும் பிளக் சுவிட்சும். விலாசம், பெயர் பார்க்கிற சாதாரணக் கடிதங்களுக்கு மட்டும் அந்த மொனிட்டர். அந்த அம்மாவுடையது போன்ற கடிதங்களுக்கு என் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரை போட்டிருக்கிறேன். பக்கத்தில் இருத்தி, லப்டொப்பிலேயே காட்டுகிறேன். வியாழக்கிழமை அவர் வந்து அதில் இருந்துதான் மிச்சத்தைச் சொன்னார்.