டெபியன் 12: பொதியைப் பிரித்து நிறுவியபின் சேவைக் கோப்பு மறைந்துவிடுகிறது

கேள்வி

எங்கள் அலுவலகத்தில் நாற்பது கணினிகள் உள்ளன. அவற்றில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. அவற்றுக்கான உள்நிரல்களை டெப் பொதியாக, அதாவது டெபியனில் நிறுவக்கூடிய கோப்புத் தொகுப்பாகக் கட்டித் தருவது என் பொறுப்பு. டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாறியபின் எங்கள் ஒரே பொதியை முதன்மைப் பொதி, சேவைப் பொதி என இரண்டாகப் பிரித்தேன். அதுவரை /லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் இருந்த சேவைக் கோப்பை (பின்னணியில் ஓடும் நிரலை எப்படி இயக்குவது என்று சொல்லும் கோப்பு), புதிய வழக்கப்படி /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவுக்கு மாற்றி, சேவைப் பொதியில் வைத்தேன். நிறுவல் ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் முடிந்தது. ஆனால் ஒன்பது கணினிகளில் மட்டும் அந்தக் கோப்பே இல்லை. மற்ற முப்பத்தொன்றில் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு பொதிகளும் முறையாக நிறுவப்பட்டிருப்பதாகவே பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி சொல்கிறது. சார்புகளை, அதாவது ஒரு பொதிக்கு வேறு எவை தேவை என்ற வரிகளை, எழுதியதில் தவறு செய்துவிட்டேனா?

பதில் 1

சார்புகளில் தவறு இல்லை. ஒரே வெளியீட்டில் கோப்பின் உரிமையாளரையும் பாதையையும் சேர்த்து மாற்றியதுதான் காரணம். டெபியன் 12-இல் /லிப் என்பது தனி அடைவு அன்று, /யூஎஸ்ஆர்/லிப் அடைவைச் சுட்டும் சிம்லிங்க் மட்டுமே. ஆனால் டிபிகேஜி தன் பதிவேட்டில் பாதைகளை எழுத்துக்கு எழுத்துதான் ஒப்பிடுகிறது. ஆகவே வட்டில் ஒன்றாகவே இருக்கும் அந்தக் கோப்பு அதன் கணக்கில் இரண்டு கோப்புகள்.

நிறுவும்போது சேவைப் பொதி முதலில் அவிழ்க்கப்பட்டால், அது புதிய பாதையில் கோப்பை எழுதிவிடும். அடுத்து முதன்மைப் பொதியின் புதிய பதிப்பு வரும்போது, பழைய பட்டியலில் இருந்த /லிப் பாதை புதிய பட்டியலில் இல்லை என்பதைக் கண்டு, டிபிகேஜி அதை நீக்கும். சற்று முன் எழுதிய கோப்புதான் அப்படி அழிகிறது. முதன்மைப் பொதி முந்திக்கொண்டால் இழப்பு நேராது. உங்கள் கணினிகளுக்குள் வேறுபாடு இருப்பது இந்த வரிசையால்தான் என்று நினைக்கிறேன். /வார்/லாக் அடைவில் உள்ள டிபிகேஜி பதிவில் நேர வரிசையைப் பாருங்கள்.

இந்த ஆபத்தை முன்னிட்டே, டெபியனின் தொழில்நுட்பக் குழு 12-ஆம் பதிப்பு உருவான காலத்தில் இத்தகைய இடமாற்றங்களுக்குத் தடை விதித்திருந்தது. பொதி கட்டுகிற எல்லோரும் அதன் காரணத்தைப் படித்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பதில் 2

இப்போதைக்கு அந்த ஒன்பதிலும் சேவைப் பொதியை மீண்டும் நிறுவினால் போதும், கோப்பு திரும்பிவிடும். பிறகு டிபிகேஜியின் சரிபார்ப்பு ஆணையை நாற்பதிலும் ஓட்டுங்கள். வேறு கோப்பு ஏதேனும் காணாமற்போயிருந்தால் அது பாதையோடு காட்டிவிடும்.

இனி இடமாற்றத்தை இரண்டு படியாகச் செய்யுங்கள். முதல் வெளியீட்டில் அதே பொதிக்குள்ளேயே பாதையை மட்டும் மாற்றுங்கள். ஒரே பொதிக்குள் நடக்கும் மாற்றத்தில், இரண்டு பாதைகளும் ஒரே கோப்பைச் சுட்டுகின்றன என்பதை டிபிகேஜி கண்டறிந்து அழிக்காமல் விட்டுவிடும். அது எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்தபின், அடுத்த வெளியீட்டில் பொதியைப் பிரியுங்கள். அப்போது பாதை ஒன்றாகவே இருப்பதால், ஒரு பொதியின் கோப்பை இன்னொன்று எடுத்துக்கொள்வதை அறிவிக்கும் வழக்கமான பிரேக்ஸ், ரீப்ளேசஸ் வரிகளே வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பதில் 3

ஒரு சேர்க்கை. எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குரியது என்று கேட்கும் ஸ்கிரிப்ட் உங்களிடம் இருந்தால் அதையும் பாருங்கள். டெபியன் 12-இல் /பின்/எல்எஸ் என்று கேட்டால்தான் கோர்யூட்டில்ஸ் (அடிப்படை ஆணைகளின் பொதி) என்று விடை வரும். 13-இல் /யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ் என்று கேட்க வேண்டும்.

டெப்புக்குப் பதிலாக ஆர்பிஎம் என்ற பொதி வடிவத்தைப் பயன்படுத்தும் லினக்ஸ்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. 2012-இல் அவற்றுள் ஒன்றான ஃபெடோரா 17, /பின், /லிப் போன்ற அடைவுகளை /யூஎஸ்ஆர் அடைவுக்குள் கொண்டுபோனபோது, /பின்/எஸ்எச் என்ற பாதையையே சார்பாக எழுதியிருந்த பொதிகள் ஏராளம். கோப்பு இடம் மாறிய பிறகும் அந்தச் சார்புகள் முறியாமலிருக்க, பழைய பாதையையும் தான் வழங்குவதாக, அந்த நிரலைத் தரும் பேஷ் பொதியிலேயே அறிவித்தார்கள். நிரலின் பாதையை அல்லாமல் பொதியின் பெயரைச் சார்பாக எழுதியிருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வரவில்லை.

கேள்வி கேட்டவர்

பதிவைப் பார்த்தேன். அந்த ஒன்பதிலும் சேவைப் பொதிதான் முதலில் அவிழ்க்கப்பட்டிருக்கிறது. மற்றவற்றில் முதன்மைப் பொதி. மீண்டும் நிறுவியதும் ஒன்பதிலும் சேவை ஓடத் தொடங்கிவிட்டது. சரிபார்ப்பில் இரண்டு கணினிகளில் யூடெவ் (வன்பொருள் சாதனங்களைக் கையாளும் நிரல்) விதிக் கோப்பும் காணாமற்போயிருப்பது தெரிந்தது, அதையும் மீட்டுவிட்டேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.